வெள்ளைப் பலாக்கன்றும் லீலாபாய் டீச்சரும்

லீலாபாய் டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் நர்சரியில் மிளகுக் கொடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். நாகர்கோவில் ஆஸ்பத்திரியிலிருந்து என் மகள் ஜெயா போன் செய்தாள். "அம்மா" என்றாள். பிறகு அழுகைதான் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த குழாயை அடைக்கத் தோன்றவில்லை. கன்றுப் பை நிரம்பி, வழிந்து, தண்ணீர் என் காலைச் சுற்றி ஓடியது. என்னோடு வேலை பார்க்கும் ராஜம்தான் வந்து குழாயை அடைத்தாள். "டீச்சரா அக்கா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன்.

டீச்சரிடம் படித்தவர்கள் நீங்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்கு ஒரு நினைவு மலர் போடுகிறீர்கள். அதில் எனக்கும் இடம் கொடுத்தீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மற்றவர்கள் எழுதியதை என் பேத்தி போனில் வாசித்துக் காட்டினாள். தாவரவியல் வகுப்பைப் பற்றியும், அவருடைய கண்டிப்பைப் பற்றியும், சுத்தமாகத் தேய்த்த கைத்தறிச் சேலையைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அது பள்ளிக்கூடத்து டீச்சர். கடைசிக் காலத்தில் என் வீட்டு முன்னறையில் இருந்த டீச்சரைப் பற்றி நான்தான் எழுத முடியும். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

டீச்சர் எனக்குச் சம்பந்தி. அவருடைய மகனுக்குத்தான் என் மகளைக் கொடுத்தேன். அவர்கள் குவைத்தில் இருக்கிறார்கள். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே பேத்தி. அவள் கணக்கில் நல்ல மார்க்கு வாங்கினால், "எங்க குடும்பத்து மூளையாக்கும்" என்பார் டீச்சர். அவள் பால்கனித் தொட்டியில் நட்ட தக்காளி காய்த்தால், "அது என் கை" என்பேன் நான். "கை மட்டுமா? வாயும் உங்க வாய்தான் மைனி" என்பார். அண்ணி முறைக்கு அவர் என்னை மைனி என்று கூப்பிட்டார். நான் மட்டும் கடைசிவரை டீச்சர் என்றே கூப்பிட்டேன். அவரை வேறு பெயரில் கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை.

என் நர்சரி மார்த்தாண்டத்திலிருந்து உள்ளே போகும் சாலையில், என் வீட்டை ஒட்டியே இருக்கிறது. பலா, மா, கிராம்பு, ஜாதிக்காய், ரப்பர் எல்லாம் உண்டு. நான் ஒட்டுக் கட்டிக் கொடுத்த கன்று பிடிக்கவில்லை என்று யாரும் திரும்பக் கொண்டுவந்தது கிடையாது. இதைச் சொல்லும்போது என் குரல் தானாக உயரும். "மைக் வேண்டாம் மைனி, பக்கத்துலதான் இருக்கேன்" என்பார் டீச்சர்.

அவருக்கும் பெருமை குறைவில்லை. ஆனால் அது வேறு மாதிரி. என் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் கறி போனால், அந்தக் கிண்ணம் வெறுமையாகத் திரும்பி வராது. ஒரு அவியலோ, நாலு பழமோ, ஒன்றும் இல்லையென்றால் அவர் முற்றத்துக் கறிவேப்பிலையோ அதில் இருக்கும். என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், சோறு தட்டில் விழும் முன்பே "போதும் மைனி" வந்துவிடும். நர்சரிக்கு வந்தால் தேயிலையைத் தன் பிளாஸ்கில் கொண்டுவந்து எனக்கும் ஊற்றித் தருவார். அவருடைய வீட்டுக்காரர் காலமான பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாகவே இருந்தார்.

ஒருநாள் குளியலறையில் விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இருதயம் பலவீனமாக இருக்கிறது, இனி தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகன் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றார். "நீ வந்தா நான் வீட்டைப் பூட்டிட்டு எங்கயாவது போயிருவேன்" என்று டீச்சர் போனில் அவரை விரட்டினார். நான் போய்க் கூப்பிட்டேன்.

"எங்க வீட்டுல முன்னறை சும்மாதானே கிடக்கு. வந்து இருங்க டீச்சர்."

"வந்து நான் என்னவாக்கும் செய்யது? உக்காந்து திங்கவா?"

"தின்னா என்ன?"

"மைனி, நான் ஒருத்தர் கையில சோறு வாங்கித் தின்னு பழகல்ல. இனிப் பழகவும் வேண்டாம்."

கதவைச் சாத்திக்கொண்டார். அவர் அந்த வீட்டில் ஒருநாள் தனியாக விழுந்து கிடப்பார், யாருக்கும் தெரியாமல் போகும் என்ற பயம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. எப்படியாவது அவரை என் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வழி தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளைக் கன்று முளைத்தது. ஒட்டுக் கட்டுவதற்காகப் பைகளில் செங்கவருக்கைப் பலாக் கொட்டைகளைப் போட்டிருந்தேன். எல்லாம் பச்சையாக முளைத்து வந்தன. ஒன்று மட்டும் தண்டும் இலையும் வெள்ளையாக, துருவிய தேங்காய்ப் பூ மாதிரி நின்றது.

"சவத்தைப் பிடுங்கி எறியட்டா அக்கா? பாக்கவே ஒரு மாதிரி இருக்கு" என்றாள் ராஜம். நான் விடவில்லை. டீச்சருக்குக் காட்ட வேண்டும் என்று மறுநாள் ஆள் அனுப்பினேன். குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா இது வாழாது மைனி."

"ஏன் வாழாது? வேர் உண்டு, தண்டு உண்டு, இலை உண்டு."

"இலை உண்டு, இலையில பச்சை இல்ல. பச்சைதான் செடிக்கு அடுப்பு. வெயிலைப் பிடிச்சு, தண்ணியையும் காத்தையும் போட்டுச் சோறாக்குறது அதாக்கும். இது அடுப்பு இல்லாத வீடு."

"அப்ப இவ்வளவு உயரம் எப்பிடி வளந்துது?"

"கொட்டைக்குள்ள அம்மை பொதிச்சோறு கட்டிக் குடுத்திருக்கா. அதத் தின்னுட்டு நிக்கு. பொதி தீந்தா தீந்துது."

நான் விடுவேனா? "ரப்பர் மரம் தை மாசத்துல இலை முழுசும் கொட்டிட்டு மொட்டையா நிக்குதே. அது சாவுதா?" என்றேன்.

டீச்சர் சிரித்தார். "நல்ல கேள்வி. என் கிளாசுல ஒருத்தனும் கேக்கல்ல. அது நல்ல நாள்ல ஆக்குனத தடியிலயும் வேர்லயும் சேத்து வச்சிருக்கும். புது இலை வாறது வரைக்கும் அதத் தின்னுக்கிடும். சரி, அந்த மொட்டையா நிக்க நேரத்துல நீங்க பால் வெட்ட விடுவியளா?"

"விடமாட்டேன். மரம் வாடிப் போவும்."

"ஏன்னு இப்பத் தெரியுதா? சேத்து வச்சதுலயும் கை வச்சா அது எங்க போவும்? பச்சை இல்லாம ஒரு மரம் கொஞ்சநாள் நிக்கும் மைனி. காலம் முழுசும் நிக்காது."

"அடுத்த வீட்டு அடுப்புலருந்து சோறு குடுத்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: ஒரு பச்சைக் கன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டு தண்டிலும் ஒரு சீவு சீவி, சீவிய இடத்தைச் சேர்த்துக் கட்டிவிடுகிறேன். பிடித்துவிட்டால் பச்சை இதற்கும் சேர்த்துச் சமைக்கட்டும்.

"செய்யுங்க. பொதி தீருறதுக்குள்ள ஒட்டு பிடிக்கணும். பாப்போம், பெரிய கைக்காரியாச்சே நீங்க" என்றார்.

அன்றைக்கே கட்டினேன். அதற்குமுன் எப்போதாவது எட்டிப் பார்த்தவர், பிறகு தினமும் வர ஆரம்பித்தார். வாளி அவருக்கென்றே ஆகிவிட்டது. வெள்ளை இலைக்கு வெயில் ஆகவில்லை, ஓரம் கருகியது. நிழலுக்கு மாற்றினோம். ஒருநாள் தண்டு துவண்டது. "பொதி தீருது" என்று மெதுவாகச் சொன்னார். அன்று தேயிலையைக் குடிக்காமலே பிளாஸ்கைத் திரும்பக் கொண்டுபோனார். கொஞ்ச நாளில் கட்டிய இடம் தடித்தது. வெள்ளைக் கொழுந்து ஒன்று சுருள் பிரிந்தது. டீச்சர் சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "கொள்ளாம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த ஒரு பாராட்டுச் சொல்லை வாங்க உங்களில் எத்தனை பேர் எவ்வளவு பாடுபட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. "பச்சைக்காரியைப் பாத்தியளா மைனி? கூட வந்த கன்னுகளைவிட உயரம் குறைவு."

"குறையட்டும்."

"அதுக்கு வாய் இருந்தா, அதும் குறையட்டும்னு சொல்லுமா?"

"கூடக் கொஞ்சம் சாணி வைக்கேன்" என்றேன். பிறகு கேட்டேன்: "டீச்சர், நீங்க கன்னைப் பத்தித்தானே பேசுறிய?"

"பின்ன யாரைப் பத்தி? என்னைக் கொண்டுபோய் அந்த வெள்ளைக் கன்னோட சேக்காதீங்க. என் சோத்தை இப்பவும் நானாக்கும் ஆக்குறேன்."

ஒட்டுக் கட்டுகிறவர்களின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஒட்டு பிடித்ததும், வேருக்காக வைத்த அடிக்கன்றின் தலையை ஒட்டுக்கு மேலே வெட்டிவிடுவோம். நல்ல ஜாதிக் கன்றின் அடியை ஒட்டுக்குக் கீழே வெட்டிவிடுவோம். வேர் ஒன்றிலிருந்து, தலை மற்றதிலிருந்து. அப்படித்தான் ஒட்டுக்கன்று ஆகும். வெள்ளைக் கன்றுக்கு மட்டும் அப்படிச் செய்யக் கூடாது. பச்சையின் தலைதானே அடுப்பு. நான் கட்டிய நாளில் ராஜம் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தவளிடம் இந்த விவரத்தைச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

நான் பை வாங்க மார்த்தாண்டம் போயிருந்த ஒருநாள், ராஜம் அந்த ஒட்டைப் பார்த்திருக்கிறாள். நன்றாகப் பிடித்திருந்தது. கை பழகிய வேலை. பச்சையின் தலையை வெட்டினாள், வெள்ளையின் அடியை வெட்டினாள், புதுப் பையில் வைத்தாள். நானும் டீச்சரும் ஒன்றாக உள்ளே நுழைந்தபோது, முகம் நிறைய மகிழ்ச்சியோடு வந்தாள்.

"அக்கா, அந்த வெள்ளை ஒட்டு சூப்பராப் பிடிச்சிருக்கு. மண்டையை வெட்டி ரெடி ஆக்கியாச்சு!"

பையில் ஒரு பச்சை இலை இல்லை. பச்சையின் வேர்மேல் ஒரு சிறு தண்டு, அதன்மேல் வெள்ளை. அவ்வளவுதான். நான் கத்திய கத்தலில் ராஜம் அழுதுவிட்டாள். டீச்சர் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. வாளிமேல் உட்கார்ந்தார். "அடுப்பையே இடிச்சாச்சு" என்றார், யாரையும் பார்க்காமல். எழுந்து வீட்டுக்கு நடந்தார். பிளாஸ்கை மறந்துவிட்டுப் போனார். இந்தக் கன்று போனால் இவர் இனி இந்தப் பக்கம் வரமாட்டார், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு போனேன். கதவு திறக்க நேரம் ஆனது. முகம் வீங்கியிருந்தது. அடுக்களையை எட்டிப் பார்த்தேன். அடுப்பு பற்றவைக்கவில்லை. பிளாஸ்கை வாங்கி வைத்துவிட்டு அவர் கேட்டார்.

"மைனி, ஒட்டுக்குக் கீழ தண்டு எவ்வளவு மிச்சம் உண்டு?"

விரலைக் காட்டினேன்.

"அதுல கணு உண்டா?"

"உண்டு."

"கணுவுல முளை வருமா?"

"வரும். வந்தா நாங்க கிள்ளிப் போட்டிருவோம்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒட்டுக்குக் கீழே வரும் முளையை விடவே கூடாது. அது மேலே போக வேண்டிய சத்தை இழுத்துவிடும். நர்சரியில் நடக்கும்போதே என் பெருவிரல் அதைத் தேடிக் கிள்ளிக்கொண்டே போகும், என்னிடம் கேட்காது.

"இதைக் கிள்ளப்பிடாது" என்றார் டீச்சர். குரலில் பழைய கண்டிப்பு வந்திருந்தது. "வேர்ல கொஞ்சம் சேமிப்பு கிடக்கும். அது தீருறதுக்குள்ள கீழ பச்சை வந்தா, கன்னு பிழைக்கும். வாங்க போவோம்."

காத்திருந்தோம். வெள்ளை இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடைசியில் நுனியில் ஒரு மொட்டுக் கொழுந்தோடு ஒரு வெள்ளைக் குச்சி நின்றது. "இந்த மூட்டுல கை வச்சே, பாத்துக்க" என்று நான் ராஜத்தை மிரட்டினேன். "ராஜத்தை விடுங்க. உங்க கையைப் பாத்துக்கிடுங்க" என்றார் டீச்சர். "நான் கையைப் பின்னால கட்டிக்கிட்டாக்கும் நடக்கேன், டீச்சரே சாட்சி" என்றாள் ராஜம்.

முளையை முதலில் பார்த்ததும் ராஜம்தான். நல்ல மழை. டீச்சர் வீடுவரை ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் குடையை மறந்து நனைந்துகொண்டே வந்தார். ஒட்டுக்குக் கீழே பயறு அளவில் ஒரு பச்சை. மூன்று பேரும் குனிந்தோம். நான் நன்றாகப் பார்க்கத்தான் கையை நீட்டினேன், சத்தியமாக. என் பெருவிரல் அதன் பாட்டுக்கு அதை நோக்கிப் போய்விட்டது. டீச்சர் என் புறங்கையில் பளீரென்று ஓர் அடி கொடுத்தார்.

"மைனி!"

அவரிடம் படிக்காத எனக்கும் அவர் கையால் ஓர் அடி கிடைத்துவிட்டது. இதை இந்த மலரில் போட வேண்டும்.

மழை விடவில்லை. அவரை நனைந்த சேலையோடு அனுப்ப முடியாது. என் சேலை ஒன்றைக் கட்டவைத்து, மரச்சீனிக் கிழங்கு அவித்ததும் சூரை மீன்கறியும் எடுத்துவைத்தேன். "போதும் மைனி"க்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மரச்சீனியைக் கறியில் முக்கிச் சாப்பிட்டார். தட்டு காலியானது. எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். தட்டைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னொரு துண்டு உண்டா மைனி?"

சட்டியில் கிடந்ததிலேயே பெரிய துண்டாகத் தேடிப் போட்டேன்.

அடுத்த வாரம் ஆட்டோவில் இரண்டு பைகளோடும் அந்தப் பிளாஸ்கோடும் வந்து இறங்கினார். நான் கேட்கும் முன்பே சொன்னார்: "அந்தக் கன்னை ஆளில்லாம விடப்பிடாது. ராஜம் கத்தியையும் நம்ப முடியாது, உங்க கையையும் நம்ப முடியாது. அதுக்காக்கும் வாறேன்." நானும் முகத்தை மாற்றாமல், "பின்ன, கன்னுக்கு ஆளு வேணும்லா" என்றேன். மருமகனுக்கு வேலையை விட வேண்டிவரவில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு கன்றுக்கும் பெயர்ச்சீட்டு எழுதினார். வாங்க வருகிறவர்களிடம் பேசினார். அதில்தான் எனக்குத் தலைவலி. "இந்தப் பலா மூணு வருஷத்துல காய்க்கும்" என்று நான் சொன்னால் பின்னாலிருந்து குரல் வரும்: "மாடு கடிக்காம, தண்ணி முடங்காம இருந்தா அஞ்சு வருஷம். அதுக்கு முன்ன காய்ச்சா உங்க அதிர்ஷ்டம்." ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாளில் அவரே இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, "உள்ளதச் சொல்லுற அந்த டீச்சர் எங்க?" என்று என்னிடமே கேட்டார். டீச்சர் அன்று முழுவதும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பச்சை முளை வளர்ந்ததும் வெள்ளையில் கொழுந்து வந்தது. ஆனால் பச்சையை அதன் போக்கில் விட்டால் வெள்ளையை மறைத்து, சத்தெல்லாம் தனக்கே இழுத்துக்கொள்ளும். முழுதாகக் கிள்ளினால் இரண்டுமே போகும். எவ்வளவு விடுவது, எவ்வளவு நுனி கிள்ளுவது என்று நானும் அவரும் தினமும் சண்டை போட்டுத்தான் முடிவு செய்வோம். அந்தச் சண்டையில் ஒரு காலை நேரம் போய்விடும்.

பேத்தி ஒருநாள் போனில் கேட்டாள்: "பாட்டி, ஒளிச்சேர்க்கை இல்லாம மரம் வாழுமா? டீச்சர் பாட்டி சொல்லட்டும்."

டீச்சர் போனை வாங்கினார். "தனியா நிண்ணா வாழாது மக்களே. பக்கத்துல ஒருத்தி பச்சையா நிண்ணு, ரெண்டு பேருக்கும் ஒட்டும் பிடிச்சிருந்தா வாழும். பச்சைக்குக் கொஞ்சம் வளத்தி குறையும், அதையும் மறைக்கப்பிடாது. ஆனா பரீட்சையில முதல் வரியோட நிப்பாட்டிக்க. மிச்சத்துக்கு மார்க்கு கிடையாது."

மூச்சுத் திணறல் வந்து அவரை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனபோது, வண்டியில் என் கையைப் பிடித்திருந்தார். ஏதோ சொல்ல வந்தார். காதைக் கொடுத்தேன். "கீழ முளையைக் கிள்ளிராதீங்க" என்றார். எனக்குத் தெளிவாகக் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். பிள்ளைகள் குவைத்திலிருந்து வந்து, சில நாள் பக்கத்தில் இருக்க முடிந்தது. அது ஓர் ஆறுதல்.

அடக்கம் முடிந்து பிள்ளைகள் திரும்பிப் போனார்கள். முன்னறைக் கட்டிலில் மடித்துவைத்த போர்வை அப்படியே இருக்கிறது. வெள்ளைக் கன்று இப்போது என் இடுப்புயரம். கீழே பச்சை, மேலே வெள்ளை. அது காய்க்குமா என்று எனக்குத் தெரியாது. யார் கேட்டாலும் விற்கமாட்டேன். இந்த வாரம் புதுக்கொழுந்து விட்டிருக்கிறது, வெள்ளை வெளேரென்று. பார்த்ததும் "டீச்சர்!" என்று முன்னறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டுவிட்டேன். ராஜம் கேட்டும் கேளாததுபோல் வாளியை நகர்த்திவைத்தாள்.

அன்று மத்தியானம் அவள் தன் வீட்டிலிருந்து ஒரு தட்டு கொண்டுவந்தாள். வாழையிலை போட்டு மூடியிருந்தது. மரச்சீனியும் சூரை மீன்கறியும். எனக்கும் யார் கையிலும் வாங்கித் தின்று பழக்கம் கிடையாது. கொடுத்தே பழகிய கை இது. "எதுக்குட்டி இது, நான் ஆக்கி வச்சிருக்கேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். நான் ஒன்றும் ஆக்கிவைக்கவில்லை. அது ராஜத்துக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டு தட்டை வாங்கினேன்.

டீச்சரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது இதுதான். உட்கார்ந்து, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். பிறகு தட்டை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தினேன்.

"இன்னொரு துண்டு உண்டாட்டி?"

"சட்டி நிறைய உண்டு அக்கா" என்று ராஜம் எழுந்து தன் வீட்டுக்கு ஓடினாள்.